காவல்துறையின் பலப்பிரயோக விதிகள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் காவலர்கள் கை, தடி, துப்பாக்கி ஆகியவற்றை எந்நிலையில், எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் சட்டங்கள், நிலையாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை பொதுவாகக் காவல்துறையின் பலப்பிரயோக விதிகள் எனப்படுகின்றன. அவற்றுக்குரிய பயிற்சியும் இவற்றுள் அடங்கும்.

சட்ட அடிப்படை

1973 ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. இதன் 43 ஆம் பிரிவின்படி, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் காவலர் கையாளலாம். எனினும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாதவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இப்பிரிவு தரவில்லை. தப்பியோடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்பது 46 ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைத்தல் 148 ஆம் பிரிவில் கூறப்படுகிறது.

பயிற்சி

பலத்தைப் பயன்படுத்தும் தருணத்தைச் சட்டம் கூறுகிறது. பயிற்சி முறையையோ பெரும்பாலும் நிலையாணைகளும் அரசாணைகளுமே வகுக்கின்றன. உதவி ஆய்வாளர்களும் துணைக் கண்காணிப்பாளர்களும் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவலர் பயிற்சியகத்தில் பயில்கின்றனர். 1990 இல் அவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அடிப்படைக் கோட்பாடுகள், தனிப்பயிற்சி பெற்றவரிடமே துப்பாக்கி தரப்பட வேண்டும் என்பதோடு, பலமின்றி இணங்கவைக்கும் முறைகளையும் கற்பிக்கக் கோருகின்றன.

பயிற்சியே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. 2021 திசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரின் சுடுபயிற்சியின்போது, அருகிலிருந்த வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சிறுவன் 2022 சனவரி 3 அன்று இறந்தான்.

கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு

காவல் நிலையாணை 703 கூட்டத்தைக் கலைக்கும் முறையை விவரிக்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இந்நிலையாணை மீறப்பட்டதாக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் 2022 அறிக்கையில் குறிப்பிட்டது. தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டனர் என்பது அதன் முடிவு.

நிலையத்தின் உள்ளே

பொது இடத்தில் சுடுவதற்குப் படிப்படியான விதி உண்டு. நான்கு சுவர்களுக்குள் கையும் தடியும் என்ன செய்கின்றன என்பதே கடினமான கேள்வி. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, 1993 மார்ச்சில் திருட்டு ஐயத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் தப்பிவிட்டதாகக் காவல்துறை கூறியது. உடலோ வேறிடத்தில் கிடைத்தது. அவர் மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் வழக்கறிஞர் சந்துரு (பின்னர் நீதிபதி) வாதிட்டார். 2006 இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படி காவலர் சிலர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2021 இல் வெளியான ஜெய் பீம் திரைப்படம் இந்நிகழ்வைத் தழுவியது.

வாக்குமூலம் பெற அடிப்பது அன்றும் குற்றமே. இந்திய தண்டனைச் சட்டத்தின் 330, 331 ஆம் பிரிவுகள் முறையே ஏழு, பத்து ஆண்டுகள் வரை சிறை விதித்தன. ஆனால் கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியிடம் கையொப்பம் பெறுதல், உறவினருக்குத் தெரிவித்தல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்தல் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில் கட்டாயமாக்கியது 1996 திசம்பரில்தான். கம்மாபுரம் நிகழ்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் மேல் கழித்து.