கழிவா, நினைவுச்சின்னமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற வழியில் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம் அங்கே இருந்தது. பின்னால் அது கார்ப்பந்தயத் திடலாயிற்று. கும்மிடிப்பூண்டி உலைகளிலோ பழைய இரும்பு உருகிக் கம்பியாகிறது. உலைக்குள் போன பொருளுக்கு முந்தைய பெயர் கிடையாது. எது கழிவு, எது நினைவுச்சின்னம் என்று தீர்மானிப்பது யார்?

அயர்லாந்தில் கழிவாகக் கிடந்த டகோட்டா ஒன்றை ராஜீவ் சந்திரசேகர் 2011இல் வாங்கினார். இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, 2018இல் அது இந்திய விமானப்படைக்கு வந்து சேர்ந்தது. பெயர் 'பரசுராமா', வாலில் வி.பி.905 என்ற எண். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் பட்டாளத்தை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கிய டகோட்டாவின் எண் அது. ஆனால் இது அந்த விமானமல்ல. ஒன்றின் எண் இன்னொன்றின் உடலில் ஏறியிருக்கிறது. தேசத்தின் ஞாபகத்துக்கு எண் போதும்போல.

இன்னொரு செப்பனிடலும் நடந்தது. போர் முடிந்தபின் மிஞ்சிய ராணுவ டகோட்டாக்களைப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பயணிகள் விமானங்களாக மாற்றினார்கள். கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களையும் 1948 முதல் மீட்டெடுத்தார்கள். அவை 1968 வரை பறந்தன. அவற்றில் சில இன்று பிரிட்டன், அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கான்பூரிலிருந்து அவற்றை ஓட்டிவந்த விமானி முன்ஷியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ரிவெட் அடித்தவர் பெயர்?

அங்கே அது ஏழ்மை கற்றுத்தந்த தொழில். இங்கே இது வசதி வாங்கித்தந்த ஏக்கம். இரண்டையும் 'பாதுகாத்தல்' என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாகாது.

உடலைச் செப்பனிடுகிறவர்கள் செய்யட்டும். நாம் பட்டறைக்காரர்களின் வாய்மொழியைச் சேகரிப்போம். அலுமினியம் காத்திருக்கும், மனுஷன் காத்திருக்கமாட்டான்.