எதிரில் நிற்பவரின் உடல்: பொக்கற் பிஸ்டலுக்கு ரவை தேடிய கதை

போன மாதம் ஒரு இரவு விடுதியில் கரண்ட் போயிட்டுது. அறைத் தோழன் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு அமெரிக்கர் மேசையில் ஒரு பெரிய ஜெலிக் கட்டியை வைத்து, உள்ளங்கைக்குள் மறையிற அளவான பிஸ்டலால் அதைச் சுடுகிறார். பிறகு அடிமட்டம் வைத்து அளக்கிறார். இந்த ரவை இவ்வளவு ஆழம் போனது, அந்த ரவை இவ்வளவு விரிந்தது. 'தற்காப்புக்கு எது நல்லம்?' இதுதான் கேள்வி. தோழன் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த ஜெலிக் கட்டிதான் கண்ணுக்குள் நின்றது. அது எதுக்குப் பதிலா அந்த மேசையில இருக்குது?

இலங்கையில் இது கடைக்குப் போய்க் கேட்கிற கேள்வி இல்லை. 1916 ஆம் ஆண்டிலிருந்தே சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க ஏலாது. ஆனால் வரலாறு படிக்கிற ஒருத்தனுக்கு இது நல்ல கேள்வி. ஏனெண்டால், சின்னத் துப்பாக்கிக்கு எந்த ரவை என்று ஆட்கள் நூறு வருசத்துக்கு மேலாகத் தேடி வந்திருக்கிறார்கள். அந்தத் தேடலின் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எதிரில் நிற்பவர் யார், அவருடைய உடல் எப்படிப்பட்டது?

முதலில் சொற்களைச் சரிப்படுத்துவம். நாங்கள் பொதுவாக எல்லாத்தையும் 'ரவை' எண்டுதான் சொல்லுறது. இந்தக் கட்டுரையில் ரவை என்றால் மருந்தும் கோதும் முனையும் சேர்ந்த முழுத் துண்டு. பறந்து போகிற முனை சன்னம். சுட்ட பிறகு நிலத்தில் விழுவது கோது. வளவு துப்பரவாக்கேக்க எங்களில் கனபேர் சின்ன வயசில் கண்டெடுத்தது அந்தக் கோதைத்தான்.

சட்டைப்பைக்குள் வந்த துப்பாக்கி

19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கித் தொழிலாளி ஒற்றை வெடிச் சின்னக் கைத்துப்பாக்கிகளைச் செய்தார். அவருடைய பெயரே பிறகு அந்த வகைத் துப்பாக்கிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. 1865 ஏப்ரல் 14 இரவு வொஷிங்டனில் ஃபோர்ட் நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது அவர் செய்த ஒரு துப்பாக்கிதான்.

ஆனால் இன்று நாங்கள் அறிந்த பொக்கற் பிஸ்டலின் தகப்பன் ஜோன் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக அவர் வடிவமைத்த தானியங்கிப் பிஸ்டல்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. சில நாடுகளில் 'பிரௌனிங்' என்றாலே கைத்துப்பாக்கி என்று விளங்கிக்கொண்டார்கள். அவற்றுக்காக அவர் மூன்று சின்ன ரவைகளையும் உருவாக்கினார். 1899 இல் 7.65 மில்லிமீற்றர். 1905 இல் 6.35 மில்லிமீற்றர். 1908 இல் 9 மில்லிமீற்றர் குறு ரவை. அமெரிக்காவில் இவற்றை .32, .25, .380 என்று அழைப்பார்கள்.

இவற்றில் ஆகச் சின்னதான .25 இன் சன்னம் வழமையாக 3.2 கிராம்தான். ஒரு தேக்கரண்டி சீனியை விடக் குறைவு. .32 இன் சன்னம் 4.6 கிராம், .380 இன் சன்னம் 6.2 கிராம். அமெரிக்க இராணுவம் 1911 இல் எடுத்த .45 பிஸ்டலின் சன்னமோ கிட்டத்தட்ட 15 கிராம். இந்த எண்களை மனதில் வைத்திருங்கோ. பிரச்சினை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கொல்வது வேறு, நிறுத்துவது வேறு

சின்னச் சன்னம் ஆளைக் கொல்லாதா? கொல்லும். 1901 செப்ரெம்பர் 6 அன்று பஃபலோ நகரில் அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லியை ஒருவர் .32 றிவோல்வரால் சுட்டார். இரண்டு வெடியில் ஒன்றுதான் உள்ளே போனது. மக்கின்லி விழுந்து அந்த இடத்திலேயே சாகவில்லை. எட்டு நாளைக்குப் பிறகு, காயம் அழுகிச் செத்தார். அதுக்கு இருபது வருசத்துக்கு முதல் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்ட் 79 நாள் கிடந்து செத்தார். டொக்டர்மார் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுச் சன்னத்தைத் தேடியதும் அந்தச் சாவுக்குக் காரணம்.

தற்காப்பு என்று பிஸ்டல் வாங்குகிற ஆளுக்கு இந்தக் கதைகளால் பிரயோசனம் இல்லை. தாக்க வருகிறவர் எட்டு நாள் கழித்துச் செத்து என்ன பயன்? அவர் இந்த நிமிடம் நிற்க வேண்டும். கொல்வதும் நிறுத்துவதும் ஒன்றில்லை என்பது விளங்கிய பிறகுதான் 'எந்த ரவை' என்ற கேள்வியே பிறக்கிறது.

இராணுவங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. பிலிப்பைன்சைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படை, தங்களுடைய .38 றிவோல்வர் மோரோ போராளிகளை நிறுத்தவில்லை என்று முறைப்பாடு செய்தது. 1904 இல் தொம்ப்சன் என்ற அதிகாரியும் லாகார்ட் என்ற இராணுவ வைத்தியரும் சிக்காகோ இறைச்சித் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டும், பிணங்களைச் சுட்டும் பரிசோதித்தார்கள். .45 க்குக் குறைந்த கைத்துப்பாக்கி வேண்டாம் என்பது அவர்களுடைய முடிவு. அதாவது, சன்னத்தைப் பெரிதாக்கு.

பொக்கற் பிஸ்டலில் அது சரிவராது. பெரிய சன்னம் என்றால் பெரிய துப்பாக்கி; பெரிய துப்பாக்கி என்றால் பொக்கற்றுக்குள் போகாது. ஆகவே மிச்சம் இருந்தது ஒரே வழி: சன்னத்தின் முனையை மாற்றுவது. அந்த வழி பொக்கற் பிஸ்டலுக்காகத் திறக்கப்பட்டதில்லை. இந்தியாவில், பிரித்தானியப் படையின் ரைபிளுக்காகத் திறக்கப்பட்டது.

டம் டம்

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர் டம் டம். இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கிற பகுதி. அங்கே பிரித்தானியரின் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. 1895 இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் படையெடுப்பு நடந்தபோது, புதிய .303 ரைபிளின் சன்னம் ஆட்களை ஊடறுத்துப் போகிறது, ஆட்களோ விழாமல் வருகிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. அந்தச் சன்னத்தில் ஈயத்தின் மேல் உலோக உறை முழுதாகப் போர்த்தியிருந்தது. டம் டம் தொழிற்சாலையில் கப்டன் பேர்ட்டி-கிளே முனையில் மட்டும் உறையை விலக்கி ஈயத்தை வெளியே விட்டார். உடலில் பட்டதும் மெதுவான ஈயம் நசுங்கி விரியும். காயம் பல மடங்கு பெரிதாகும்.

1899 இல் ஹேக் நகரில் சமாதான மாநாடு கூடியபோது இந்தச் சன்னத்தைத் தடைசெய்யும் பிரகடனம் முன்வைக்கப்பட்டது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரித்தானியாவின் இராணுவப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா அங்கே சொன்ன நியாயத்தின் சாரம் இதுதான்: நாகரிகமடைந்த படைவீரனுக்குச் சன்னம் பட்டால் தான் காயப்பட்டதை உணர்ந்து வைத்தியம் தேடிப் படுத்துவிடுவான், காட்டுமிராண்டி இரண்டு மூன்று முறை துளைக்கப்பட்டாலும் ஓடிவருவான்.

இதை முதல் தரம் வாசிக்கேக்க நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு உலோகத் துண்டின் முனை பற்றிய தொழில்நுட்ப விவாதம் அது. அதற்குள்ளே மனித உடல் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய உடலுக்கு ஒரு சன்னம், எங்களைப் போன்ற உடலுக்கு இன்னொன்று.

பிரகடனம் நிறைவேறியது. ஆனால் அதன் எழுத்தைப் பாருங்கள்: அது கையொப்பமிட்ட அரசுகளுக்கு இடையிலான போரில் மட்டும்தான் கட்டுப்படுத்தும். கொலனிகளில் நடந்த போர்களில் எதிரில் நின்ற மக்கள் எதிலும் கையொப்பமிட்ட அரசுகள் இல்லை. பிரித்தானியா 1907 இல் அந்தப் பிரகடனத்தில் சேர்ந்தது. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை.

போரில் குற்றம், வீட்டில் பாதுகாப்பு

இங்கே கதை திரும்புகிறது. போரில் தடைசெய்யப்பட்ட அதே வகைச் சன்னத்தை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொலிஸ் எடுத்துக்கொண்டது. முனையில் குழி வைத்த சன்னம்; பட்டதும் பூ மாதிரி விரியும். ஹேக் பிரகடனம் போருக்கானது. பொலிசையோ பொதுமக்களையோ அது கட்டுப்படுத்தாது. 1998 இல் நியூயோர்க் பொலிசும் இதற்கு மாறியது. காரணம் வழிப்போக்கர்கள். உறை முழுதாகப் போர்த்திய சன்னம் ஒருவரை ஊடறுத்துப் பின்னால் நிற்கிறவரையும் காயப்படுத்தலாம். விரிகிற சன்னம் பெரும்பாலும் முதல் உடலுக்குள்ளேயே நின்றுவிடும்.

இந்த நியாயத்தை என்னால் இலேசாகத் தள்ளிவிட ஏலாது. சன நெரிசலான தெருவில் சன்னம் எங்கே நிற்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் பொக்கற் பிஸ்டலுக்கு இந்தத் தீர்வு ஒழுங்காகப் பொருந்தவில்லை. காரணம், முதலில் சொன்ன அந்த எடைக் கணக்கு. சன்னம் விரிவதற்கும் சக்தி வேண்டும், உள்ளே போவதற்கும் சக்தி வேண்டும். 3 கிராம், 4 கிராம் சன்னத்திடம் இரண்டுக்கும் போதிய சக்தி இல்லை. விரிந்தால் ஆழம் குறையும். விரியாவிட்டால் குழிமுனையால் இலாபம் இல்லை.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த சண்டை இதை உலகத்துக்குக் காட்டியது. அது பொக்கற் பிஸ்டலும் இல்லை, முழு அளவான 9 மில்லிமீற்றர். அதன் குழிமுனைச் சன்னம் ஒரு கொள்ளையரின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சண்டைபிடித்தார். இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் இறந்தார்கள்.

அதுக்குப் பிறகுதான் அந்த ஜெலிக் கட்டி பிரபலமானது. வியட்நாம் போரில் சத்திரசிகிச்சை செய்த மார்ட்டின் ஃபக்லர் என்ற வைத்தியர், தசைக்குப் பதிலாக 10 சதவீத ஜெலற்றின் கட்டியை ஒழுங்காக அளந்து பயன்படுத்தும் முறையை நிலைநிறுத்தியிருந்தார். எஃப்.பி.ஐ. ஒரு அளவுகோலை வகுத்தது: சன்னம் ஜெலற்றினுக்குள் குறைந்தது 12 அங்குலம், கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர், போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது.

இந்த அளவுகோலுக்கு முன்னால் .25 உம் .32 உம் திணறின. குழிமுனை ரவைகள் பல விரிந்தால் ஆழம் போதாமல் நின்றன. இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய பிஸ்டல்கள் உருண்டை முனைக்காகச் செய்யப்பட்டவை. குழிமுனை ரவை சிலவேளை இறுகிக்கொள்ளும். .32 கோதின் அடி விளிம்பு கொஞ்சம் அகலம். நீளம் குறைந்த குழிமுனை ரவைகள் மகசினுக்குள் அசைந்து, மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பிறகு துப்பாக்கி வேலைசெய்யாது. இதனால்தான் இந்த இரண்டு அளவுக்கும் அனுபவக்காரர் பலர் சாதாரண உறைச் சன்னத்தையே சிபாரிசு செய்தார்கள். நூறு வருசம் சுத்தி, பிரௌனிங் தொடங்கின இடத்துக்கே வந்து நின்றார்கள்.

யார் கையில்?

1914 ஜூன் 28, சரயேவோ. 19 வயதுக் காவ்ரிலோ பிரின்சிப் இரண்டு வெடி வைத்தார். ஒஸ்ரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். 1948 ஜனவரி 30, புதுடில்லி. காந்தியின் மேல் மூன்று வெடி. முதலாவது எஃப்.என். 1910, இரண்டாவது இத்தாலியின் பெரெட்டா 1934. இரண்டிலும் இருந்தது ஒரே வகை ரவை: பிரௌனிங்கின் அந்த 9 மில்லிமீற்றர் குறு ரவை.

தற்காப்புக்கு என்று விற்கப்பட்ட துப்பாக்கி வரலாற்றில் பேர் எடுத்தது, முதலில் சுட்டவனின் கையில். இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: யாரோ ஒரு பெண் இரவு வீதியில் பிஸ்டலைக் காட்டித் தப்பியதை வரலாற்றுப் புத்தகம் எழுதாது. கொலைகள்தான் பதிவாகும். ஆனாலும் ஒன்று தெளிவு. 'போதாத' ரவை என்று நிபுணர்கள் தள்ளிவைக்கிற ஒன்று, கிட்ட நின்று, எதிர்பாராதவரின் மேல் சுடும்போது தாராளமாகப் போதுமாக இருந்திருக்கிறது. ரவை போதாமல் போவது தற்காப்பவருக்குத்தான்.

இப்ப திரும்பவும் அந்த ஜெலிக் கட்டிக்கு வருவம். ஒரு விதத்தில் அது ஆர்டாவை விட நேர்மையானது. அதில் நாகரிகமடைந்த ஜெலி, காட்டுமிராண்டி ஜெலி என்று இரண்டு இல்லை. எல்லாருக்கும் ஒரே தசை, ஒரே ஆழம். ஆனால் அதுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை, வீட்டில காத்திருக்கிற ஆட்களும் இல்லை. அதனால்தான் அதை ஸ்கோர் மாதிரிப் பாக்க முடியுது.

சட்டமோ அந்த ஒரே உடலுக்கு வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. 1998 ரோம் சாசனம் விரியும் சன்னத்தைச் சர்வதேசப் போர்களில் மட்டும் போர்க்குற்றமாக்கியது. ஒரு நாட்டுக்குள் நடக்கிற யுத்தத்துக்கும் அதை விரிக்கும் திருத்தம் கம்பாலாவில் நிறைவேறியது 2010 ஜூனில். எங்கட யுத்தம் முடிந்து ஒரு வருசத்துக்குப் பிறகு. அந்தத் திருத்தமும் ஏற்றுக்கொண்ட நாடுகளுக்குத்தான். இலங்கை ரோம் சாசனத்திலேயே சேரவில்லை. 1899 இல் 'எதிரில் நிற்பவர் யார்' என்று பார்த்து எழுதின வரி, உள்நாட்டுப் போரில் நின்றவரின் உடலையும் 111 வருசம் வெளியே வைத்திருந்தது.

கரண்ட் வந்த பிறகு தோழன் கேட்டான், "அப்ப எதுதான் மச்சான் நல்லம்?" நான் அவனுக்கு டம் டம் கதையைச் சொன்னேன். அவன் வீடியோவை நிப்பாட்டிப்போட்டு முழுக்கக் கேட்டான். உங்களுக்கும் அப்படி ஒரு வீடியோ வந்தால் பாருங்கோ, தப்பில்லை. சென்ரிமீற்றரைப் பாக்கேக்க, அந்த மேசையில் உண்மையில் யார் இருக்கிறார் என்றும் ஒருக்கா யோசியுங்கோ.