ஆம்பூர் முதல் ஐரோப்பா வரை: தோல் சரக்கின் தொலைவும் பயணக் காலமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தமிழ்நாட்டின் முதன்மையான தோல் தொழில் நகரங்கள். இங்கு உருவாகும் தோலும் காலணிகளும் பெருமளவில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகின்றன. இந்நகரங்களின் சரக்குக்கு வான்வழி வாயில்களில் ஒன்று சென்னை விமான நிலையம். அதற்கும் ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 7,600 கி.மீ. நேரடி விமானம் இதைச் சுமார் 10 மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் தோல் சரக்கின் பெரும்பகுதி கடல்வழியாகவே, வாரக்கணக்கில் பயணம் செய்கிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையிலான வேறுபாடு இத்தொழிலின் இலாபத்தையே பாதிக்கக்கூடியது.

இரயிலும் சூயஸ் கால்வாயும்

1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. பின்னர் இப்பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டு, பாலாற்றுப் பகுதியைத் துறைமுகத்துடன் இணைத்தது. 1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 19,800 கி.மீ. இருந்த லண்டன்–மும்பை கடல்வழி, சுமார் 11,600 கி.மீ. ஆகக் குறைந்தது.

ஆவாரம் பட்டை கொண்டு பதனிடப்பட்ட 'கிழக்கிந்தியத் தோல்' சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குச் சென்றது. பதனிட்ட தோல் எளிதில் அழுகாது என்பதால் நீண்ட கடற்பயணத்தைத் தாங்கியது. முதல் உலகப் போரில் படைவீரர் காலணிகளுக்காக இதன் தேவை பெருகியது.

கடிதத்தின் வேகம், சரக்கின் வேகம்

1929-இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி அஞ்சல் சேவையைத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய டாடா விமான அஞ்சல், கராச்சியை அகமதாபாத், மும்பை, பெல்லாரி வழியாகச் சென்னையுடன் இணைத்தது. இனி வணிகக் கடிதம் வானில் வந்தது. சரக்கு மட்டும் கப்பலிலேயே சென்றது.

காலணியும் பருவமும்

1970களில் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்குத் தடையும், அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் வந்தன. ஆம்பூர்ப் பகுதி முழுமையாக்கப்பட்ட தோலுக்கும் காலணிக்கும் மாறியது. அரைப்பதத் தோல் கிடங்கில் காத்திருக்கலாம். குளிர்காலக் காலணி குளிர்காலத்துக்கு முன்பே கடையில் இருக்க வேண்டும். தாமதமானால் கொள்முதலாளர் விலையைக் குறைக்கலாம், சரக்கை மறுக்கவும் செய்யலாம். எனவே மாதிரிக் காலணிகளும், கெடு நெருங்கிய சரக்கும் விமானத்தில் செல்கின்றன. தாமதம் ஏற்றுமதியாளருடையது எனில் விமானக் கட்டணமும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்தில் உள்ள விமான நிலையம் சிறிய விமானங்களுக்கானது. ஆகவே ஆம்பூரிலிருந்து விமானத்தில் செல்லும் சரக்கு, முதலில் ஏறத்தாழ 185 கி.மீ. சாலைவழியே சென்னையை அடைய வேண்டும். அல்லது பெங்களூருக்குச் செல்ல வேண்டும்.

செங்கடல் நெருக்கடி

2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. பல கப்பல் நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்களைத் திருப்பின. ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் நீண்டது. சரக்குக் கட்டணமும் உயர்ந்தது. சென்னைக்கும் பிராங்க்ஃபுர்ட்டுக்கும் இடையிலான வான்தொலைவு மாறவில்லை. ஆனால் ஆம்பூரின் காலணிப் பெட்டிகளுக்கு ஐரோப்பா, 1869-க்கு முந்தைய கடல்வழியின் தொலைவுக்கு மீண்டும் விலகிப்போனது.