விடுபட்ட ஒரு வரி

'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தின் உண்மையான தொடர்ச்சி எது? பேய்ப்பட ரசிகர்கள் இன்றும் சண்டை பிடிக்கும் கேள்வி இது. அதற்குப் பின்னால் நாம் படிக்க வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது.

1968இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சிறு தொகையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமை வரியும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தானது. கண்டவரெல்லாம் பிரதி போட்டு விற்றார்கள், நிறமும் பூசினார்கள்.

கூட்டாளிகளும் பிரிந்தார்கள். ரொமேரோ 1978இல் 'டோன் ஒஃப் த டெட்' எடுத்தார். உடன் எழுதிய ஜோன் ரூசோ பக்கமிருந்து 1985இல் 'த ரிட்டர்ன் ஒஃப் த லிவிங் டெட்' வந்தது. 1999இல் ரூசோ பழைய படத்துக்குள்ளேயே புதுக் காட்சிகளைச் செருகினார். ரசிகர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

தொடர்ச்சி இரண்டு இருக்கட்டும். உழைத்தவர்களுக்குச் சேரவேண்டிய காசு ஊரார் கைக்குப் போனதுதான் நமக்கு வலிக்கிறது.

இன்று சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் உறவுகளே, கவிதையோ குறும்படமோ, உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.