மூராவின் தொட்டியும் கரிசல் மண்ணும்

2021 பிப்ரவரியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தால்தான் அச்சங்குளம் என்ற பெயர் வெளியூருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் போனால் என் கண் தேடுவது வேறொன்றை: வீட்டுப் பின்பக்கத்து செப்டிக் டேங்க்.

பிரான்ஸில் மூரா என்பவர் 1860களில் கட்டிய மூடிய தொட்டியைச் சுமார் 12 வருஷம் கழித்துத் திறந்தபோது, உள்ளே கசடு கொஞ்சம்தான் இருந்ததாம். காற்று தேவைப்படாத பாக்டீரியா தின்றுவிட்டிருந்தது. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டியபோதுதான் 'செப்டிக் டேங்க்' என்ற பெயர் வந்தது.

ஆனால் தொட்டி செய்வது பாதி வேலைதான். வெளியேறும் தண்ணீரில் கிருமி இருக்கும். மீதியை மண்தான் முடிக்கணும். நம்ம கரிசல் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், உறிஞ்சாது. அப்புறம் என்ன, குழாயைத் தெரு வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டியதுதான்.

திருச்சிப் பக்கம் முசிறியில், 2000களில், 'ஸ்கோப்' அமைப்பு வேறு கழிப்பறை கட்டியது. சிறுநீர் தனியே போகும். மலத்தின் மேல் தண்ணீருக்குப் பதில் சாம்பல். மாதக்கணக்கில் காய்ந்தால் எரு. அங்கே நிலத்தடி நீர் மேலேயே கிடந்தது பிரச்சினை; இங்கே ஊற்றத் தண்ணீரே இல்லை. ரெண்டுக்கும் இது பொருந்தும்.

அத்தையிடம் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அத யாருப்பா அள்ளுவா?"