சூரியனின் காந்தப்புலத்தை அளக்கும் கொடைக்கானல் கருவி: அப்கிரேடு எதற்கு?

தொம்மலூரில் நீங்கள் கேப் புக் செய்தாலும், மேப் பார்த்து வண்டி ஓட்டினாலும், எல்லாம் செயற்கைக்கோள் சிக்னலை நம்பித்தான் நடக்குது. சூரியப் புயல் அடித்தால் அந்த சிக்னல் தடுமாறும். 2022 பிப்ரவரியில் புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுந்தன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருண்டு போனது.

இந்தப் புயல்களுக்கு மூலம் சூரியனின் காந்தப்புலம்.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி அளக்கிறார்கள்?

ஒளியை வைத்துத்தான். காந்தப்புலம் இருந்தால் நிறமாலைக் கோடு பிளவுபடும். இதற்குப் பெயர் சீமன் விளைவு. 1908-ல் ஜார்ஜ் ஹேல் இதை வைத்தே சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். வலுவான புள்ளியில்கூட 630 நானோமீட்டர் இரும்புக் கோடு நகர்வது சுமார் 0.014 நானோமீட்டர்தான். புலம் பலவீனமாக இருந்தால் பிளவு கண்ணுக்கே தெரியாது. அப்போது ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அதாவது முனைவாக்கத்தை, அளக்க வேண்டும்.

கொடைக்கானலில் என்ன இருக்கு?

கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் கோபுரத் தொலைநோக்கி. 11 மீட்டர் கோபுரத்தின் கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே இறக்கி, 60 மீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்பும். லென்ஸ் 38 சென்டிமீட்டர்.

எதை மாற்றினார்கள்?

லென்ஸை அல்ல. முனைவாக்கத்தை அளக்கும் பகுதியையும் பதிவு செய்யும் முறையையும் மேம்படுத்தினார்கள். இப்போது ஹைட்ரஜன் ஆல்ஃபா, கால்சியம் 8662 ஆகிய இரண்டு கோடுகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். கோடுகள் வெவ்வேறு உயரங்களில் உருவாவதால், புலம் மேலே போகப் போக எப்படி மாறுது என்று தெரியும்.

ஒரு தலைவலியும் உண்டு. கோபுரக் கண்ணாடிகளே ஒளியைக் கொஞ்சம் முனைவாக்கிவிடும்; சூரியன் நகர நகர அந்த அளவும் மாறும். அதைக் கணக்கிட்டுக் கழிக்காவிட்டால், கண்ணாடியின் குணத்தைச் சூரியனின் குணம் என்று எழுதிவிடுவோம்.

ஆதித்யா எல்1 இருக்கே, போதாதா?

அதிலுள்ள காந்தமானி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, தான் இருக்கும் இடத்தின் புலத்தைத்தான் அளக்கிறது. புயல் அங்கே வந்து சேர்ந்ததைச் சொல்லும். அது எங்கே, எப்படித் திரள்கிறது என்று அறிய சூரியனின் அடுக்குகளையே பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் கொடைக்கானல். மேகம் வந்தால் வேலை நிற்கும், உண்மைதான். ஆனால் கருவியை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மேம்படுத்தலாம். விண்வெளிக்குப் போனதை அப்படித் தொட முடியாது.