பழைய கார்டும் உடைஞ்ச பூட்டும்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிற கிறுக்கு பிடிச்சவங்க எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் இந்தச் சுவத்துல முட்டிப்பாங்க. தூசி தட்டி எடுத்த லேப்டாப் ஜம்முன்னு ஓடும். பக்கவாட்டுல சொருகின வயர்லெஸ் கார்டும் விளக்கு காட்டும். ஆனா வீட்டு ரவுட்டர் மட்டும் கதவைச் சாத்திடும். ரவுட்டர்ல பாதுகாப்பைக் குறைச்சா கார்டு உள்ளே வந்துடும், கூடவே தெருவுல போறவனும் வரலாம். இந்தச் சிக்கல் எங்கே ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தா, அது ஒரு தனிக் கதைங்க.

கதை தொடங்குறது கல்லாப்பெட்டியில. கடைகளுக்குக் கல்லாப்பெட்டி மெஷின் செஞ்சு வித்த என்சிஆர் கம்பெனிக்கு, கடையை மாத்தி அமைக்கும்போதெல்லாம் ஒயர் இழுக்கிறது பெரிய தலைவலி. நெதர்லாந்துல இருந்த அவங்க இன்ஜினியர்கள் ரேடியோ வழியா இணைக்க வழி பண்ணினாங்க. அதுதான் வேவ்லேன். அந்தக் குழுவைச் சேர்ந்த விக் ஹேஸ் தலைமையில நடந்த கமிட்டிதான் 1997-ல 802.11 தரத்தைக் கொண்டு வந்தது. வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல வந்த 802.11பி அதை 11 ஆக்கிச்சு. அதே வருஷம் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஐபுக்கை ஒரு வளையத்துக்குள்ள விட்டு எடுத்து, ஒயரே இல்லைன்னு காட்டினார். ஆப்பிளோட அந்த முதல் ஏர்போர்ட் கார்டுக்குள்ள இருந்ததும் லூசென்ட்டோட வேவ்லேன் சரக்குதான்!

சரி, பூட்டு விஷயத்துக்கு வருவோம். 1997 தரத்துலயே டபிள்யூ.இ.பி.ன்னு ஒண்ணு இருந்தது. விரிச்சுச் சொன்னா வயர்டு ஈக்விவலன்ட் பிரைவசி. ஒயர்ல கிடைக்கிற அந்தரங்கம் காத்துலயும் கிடைக்கும்னு பேரிலேயே சத்தியம். (பேர் வைக்கிறதுல மட்டும் யாரும் குறை வைக்கிறதில்லை.) உள்ளே இருந்தது ரான் ரிவெஸ்ட் 1987-ல உருவாக்கின ஆர்சி4. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்குப் பயந்து சாவி நீளம் 40 பிட்தான். பின்னாடி 104 ஆச்சு. ஆனா ஓட்டை சாவியோட நீளத்துல இல்லை.

ஆர்சி4 ஒரு சாவியை வெச்சு நீளமா ஒரு எண் சரத்தை உருவாக்கும். அந்தச் சரத்தோட கலந்துதான் செய்தி போகும். ஒரே சரத்தை ரெண்டு தடவை பயன்படுத்தினா ரகசியம் போச்சு. அதனால ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவிக்கு முன்னால 24 பிட் எண் ஒண்ணைச் சேர்த்தாங்க. அந்த எண் யார் வேணா படிக்கிற மாதிரி அப்பட்டமாவே போகும். மொத்தம் 1,67,77,216 எண்கள். நிறைய மாதிரி தோணுதா? பிசியான நெட்வொர்க்ல சில மணி நேரத்துல தீர்ந்துடும். எண்ணை வரிசையில்லாம எடுத்தா அஞ்சாயிரம் பொட்டலத்துக்குள்ளயே திரும்ப வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2001-ல பெர்க்லி ஆய்வாளர்கள் சோதிச்ச கார்டுகள் சொருகும்போதெல்லாம் பூஜ்யத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சுதாம்!

அதே வருஷம் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூணு பேரும் ஆர்சி4 சாவியையே கறந்து எடுக்க வழி காட்டினாங்க. சீக்கிரமே ஏர்ஸ்னார்ட்னு ஒரு இலவச மென்பொருள் வந்து, கணக்கு தெரியாதவனும் திருடலாம்னு ஆச்சு. 2007-ல டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிஷத்துக்குள்ள எடுத்துக் காட்டினாங்க. அதே 2007 ஜனவரியிலதான் அமெரிக்காவுல டிஜேஎக்ஸ் நிறுவனத்தோட திருட்டு வெளியே வந்தது. மார்ஷல்ஸ் கடைகளோட டபிள்யூ.இ.பி. வயர்லெஸ் வழியா உள்ளே புகுந்து, குறைஞ்சது நாலரைக் கோடி கார்டு எண்களை அள்ளிட்டாங்க. முக்கியக் குற்றவாளி ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010-ல 20 வருஷம் ஜெயில். கல்லாப்பெட்டிக்காகப் பிறந்த டெக்னாலஜி, கடைசியில கல்லாப்பெட்டியிலயே கை வைக்க உதவிச்சு பாருங்க.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது 2003-ல வந்த டபிள்யூ.பி.ஏ. உலகம் பூரா வித்துப்போன கார்டுகளைத் தூக்கிப் போடச் சொல்ல முடியாது. அதுல இருக்கிற சிப்புக்கு ஆர்சி4 தவிர வேற எதுவும் தெரியாது. அதனால ஆர்சி4 மேலயே டிகேஐபின்னு ஒட்டுப் போட்டாங்க. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனிச் சாவி. செய்தியில யாரும் கை வெக்கலைன்னு பார்க்க நீல்ஸ் ஃபெர்குசன் வடிவமைச்ச 'மைக்கேல்'. அந்தச் சோதனை பலவீனம்னு அவங்களுக்கே தெரியும். அதனாலதான் ஒரு நிமிஷத்துல ரெண்டு தடவை போலிச் செய்தி வந்தா, 60 நொடிக்கு எல்லாத்தையும் மூடிடும். ஏழை வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் போட்ட மாதிரி. என்னைக் கேட்டா, நேர்மையான வேலை. 2004-ல ஏஇஎஸ்ஸோட டபிள்யூ.பி.ஏ.2 வந்ததும், பழசுகள் அம்போன்னு நின்னுடுச்சு.

முழுசா அப்படியும் சொல்ல முடியாது. பின்லாந்துக்காரர் யோனி மாலினன் லினக்ஸ்ல எழுதின ஹோஸ்ட்ஏபி டிரைவர், பிரிசம் சிப் இருக்கிற பழைய கார்டுகள்ல ஏஇஎஸ் கணக்கைக் கம்ப்யூட்டரையே போட வெச்சுது. கார்டு வெறும் ரேடியோ, பூட்டு வேலை பிராசசர் தலையில. முதல் ஏர்போர்ட் கார்டுக்கும் மேக் ஓஎஸ் 10.3-ல டபிள்யூ.பி.ஏ. கிடைச்சது. மேக் ஓஎஸ் 9-ல இருந்தா டபிள்யூ.இ.பி. மட்டும்தான்.

"அப்ப புதுக் கார்டு வாங்கிச் சொருகேன்"னு கேட்பீங்க. டபிள்யூ.பி.ஏ.2 தெரிஞ்ச லேப்டாப் கார்டுகள்ல பெரும்பாலானது கார்ட்பஸ், 32 பிட், 3.3 வோல்ட். பழைய 16 பிட், 5 வோல்ட் சந்துல அது நுழையவே நுழையாது. நுழையக் கூடாதுன்னே விளிம்பை மாத்தி வெச்சிருக்காங்க. 486-க்காரங்களுக்கு அந்தக் கதவும் சாத்தியாச்சு.

நான் செய்யறது இதுதான். கையடக்க ரவுட்டர் ஒண்ணை வீட்டு வைஃபையோட டபிள்யூ.பி.ஏ.2-ல சேர்த்து, அதுல இருந்து ஈதர்நெட் ஒயரைப் பழைய மெஷினுக்கு இழுக்கிறேன். 3காம் 3சி589 மாதிரி 16 பிட் ஈதர்நெட் கார்டுக்கு டாஸ்லயே டிரைவர் இருக்கு. அரை அடி ஒயர்தான். ஆனா "அந்தக் கார்டோட ரேடியோவே பேசணும்"னு அடம் பிடிக்கிற ஜாதியும் இருக்கு (நானும் சில ஞாயித்துக்கிழமைகள்ல அந்த ஜாதிதான்). அப்படின்னா டபிள்யூ.இ.பி.க்குன்னு தனி ரவுட்டர் வேணும். ஃபயர்வால்ல அது வீட்டு நெட்வொர்க்கைத் தொடவே கூடாது, கோப்பு வெச்சிருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டரைத் தவிர. நெட்வொர்க் பேரை மறைக்கிறது, மேக் முகவரியை வடிகட்டுறது எல்லாம் சும்மா; ரெண்டும் காத்துல அப்பட்டமா பறக்குற சமாச்சாரம். முக்கியமா, பாஸ்வேர்டு எதையும் அந்த வழியா தட்டாதீங்க. கோப்பு மாத்தி முடிச்சதும் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிடுங்க. ஆர்சி4-ல இருக்கிற எந்த ஓட்டையும் அணைஞ்சு கிடக்கிற ரேடியோவை ஒண்ணும் பண்ணாது.